சாட்சியில் விட்டுப்போன பெயர்

சத்யபிரியாவுக்கு எதையும் மறக்க வராது. ஏழாம் வகுப்பில் தன் காம்பஸை எடுத்து வைத்துக்கொண்டு இல்லவே இல்லையென்று சாதித்த பெண்ணோடு பள்ளிக்கூடம் முடிகிறவரை அவள் பேசவில்லை. பல வருஷம் கழித்து அந்தப் பெண் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தாள். சத்யபிரியா பத்திரிகையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, பிரித்துப் படித்து, மடித்து வைத்துவிட்டு, "அந்தக் காம்பஸு கெடச்சுதா?" என்று கேட்டாள். இப்படிப்பட்டவளிடமிருந்து ஒருத்தன் கூடப்பிறந்தவனைப் பறித்துவிட்டு, செத்தவன் பெயரையும் கெடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே போகிற தார்ச்சாலையில், மரவள்ளிக் குச்சிக்கிழங்கு விளைகிற காடுகளுக்கு நடுவே, முப்பது நாற்பது வீடுகள் சேர்ந்த சின்ன வளவு அவர்களுடையது. அப்பா வெள்ளியங்கிரிக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடும் இரண்டு மாடும் உண்டு. அம்மா கந்தம்மாள் வாய்க்காரி. அண்ணன் ஈஸ்வருக்குப் படிப்பு ஏறவில்லை. சங்ககிரியில் லாரிக்குக் கிளீனராகப் போய்ச் சேர்ந்தான். வண்டி என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். பக்கத்துக் காட்டுக்காரரின் டிராக்டரைக் கேட்காமல் எடுத்து, நேராகக் கொண்டுபோய் வாழைத்தோப்புக்குள் விட்டு, அப்பாவிடம் சாட்டையால் வாங்கியவன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஹூப்ளி தாண்டி ஒரு மத்தியானத்தில், அவன் போன லாரி ரோட்டை விட்டு விலகி, ஸ்கூட்டரில் வந்த புருஷன் பெண்டாட்டியை அடித்துத் தள்ளிவிட்டுப் பாலத்துச் சுவரில் மோதியது. ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேரும் செத்தார்கள். ஈஸ்வரும் செத்தான். டிரைவர் காளிதாஸ் மட்டும் கால் முறிந்து பிழைத்துக்கொண்டான். குமாரபாளையத்துக்காரன். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே போலீஸிடம் சொன்னான், வண்டியை ஓட்டினது கிளீனர் என்று.

லாரித் தொழிலில் இது புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. நீளமான ரோட்டில் கிளீனர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு டிரைவர் கண் அசருவது நடக்கிறதுதான். அதனால் கிளீனர் செத்துப்போனால் அவன் தலையில் பழியைப் போடுவதும் சுலபம். செத்தவன் எழுந்து வந்து நான் ஓட்டவில்லை என்று சொல்லப்போவதில்லை. போலீஸ் எழுதிக்கொண்டது. குற்றவாளி செத்துவிட்டான் என்று கேஸையும் மூடியது.

ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்கு முன்னால் செய்தி வளவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாத பையன் ஆசைப்பட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து, இரண்டு உயிரைக் கொன்று, தானும் போய்விட்டான் என்றார்கள். எழவுக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். சிலர் வரவே இல்லை. வெள்ளியங்கிரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து, "டிராக்டரை எடுத்தன்னைக்கே கையை ஒடிச்சுப் போட்டிருக்கோணும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் மகன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. படம் மாட்ட விடவில்லை. டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

சத்யபிரியா ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். சாவதற்கு முந்தின வாரம் ஈஸ்வர் போனில் பேசியபோது, "இந்தாளு ஒரு நாளு கூட வண்டியத் தர மாட்டேங்கறாரு புள்ள. தண்ணி போட்டாலும் அவரேதான் ஓட்டறாரு" என்று அலுத்துக்கொண்டான். அதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். போனில் சொன்னதெல்லாம் சாட்சி ஆகாதும்மா என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னாள். "அண்ணங்காரன்னு நீ பரிஞ்சு பேசற" என்று அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். காளிதாஸ் மேல் இருந்ததைவிட அன்றைக்கு அப்பா மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. பெற்ற தகப்பனையே நம்பவைத்துவிட்டானே என்று அந்த ஆத்திரமும் சேர்ந்து காளிதாஸ் கணக்கிலேயே ஏறியது.

அம்மா மட்டும் அவள் சொன்னதை நம்பினாள். அமாவாசையன்று அம்மாவும் மகளும் கருப்பணார் கோயிலுக்குப் போனார்கள். வாசல் கல்லின்மேல் காசை வைத்து, காளிதாஸ் பேரைச் சொல்லி, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் காசு வெட்டிப் போடுவதென்றால், அநியாயம் செய்தவனைச் சாமி கையில் ஒப்படைத்து அவனோடு ஒட்டும் உறவும் இல்லையென்று அறுத்துக்கொள்வது, விளையாட்டு இல்லை. எவன் பேரில் வெட்டுகிறோமோ அவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது, அவன் வாய் வைத்த சொம்பில் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் வெட்டின வெட்டு நம் பக்கமே திரும்பிவிடும். கந்தம்மாள் கருப்பணாரைப் பார்த்து, "நீ கண்ணு முழிச்சிட்டுத்தான் இருக்கியா, தூங்கறியா" என்று கத்தினாள்.  

சத்யபிரியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. காளிதாஸ் சாக வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. அவன் தன் வாயால், இந்த வளவில் நின்று, அப்பா காது கேட்க, நான்தான் ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவன் எக்கேடோ கெடட்டும்.

படிப்பு முடித்து, சங்ககிரியில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் அதிகமில்லை. லாரிக்காரர்கள் வந்து போகிற இடம் என்பதற்காகவே அங்கே சேர்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கவுன்டரில் நிற்கிற ஒவ்வொரு டிரைவர் முகத்தையும் பார்ப்பாள். காளிதாஸின் முகம் அவளுக்கு அண்ணன் போனில் இருந்த படத்திலிருந்து தெரியும். அவனுக்குத்தான் இவளைத் தெரியாது. கால் சரியானதும் அவன் எழவு கேட்கக்கூட வளவுப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை.

கடையில் அவன் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவன் குரல்தான் வந்தது.

லாரிகள் நிறுத்துகிற மைதானத்தில் வாராவாரம் ஒரு வேன் வந்து நிற்கும். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி, டிரைவர்களுக்கு டீ கொடுப்பார்கள், கைப்பிரதி கொடுப்பார்கள், கிடார் வாசித்துப் பாடுவார்கள். பிறகு யாராவது மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்வார்கள். முன்னால் எப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை எப்படி மாற்றினார் என்று சொல்வதுதான் சாட்சி. சத்யபிரியா பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் நடப்பாள். ஒரு நாளும் நின்றதில்லை. அன்றைக்கு மைக்கில் ஒருத்தன், "என் பேரு காளிதாஸ்ங்க. குமாரபாளையம்" என்று ஆரம்பித்தான்.

அவள் நின்றாள். கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. ஒரு காலைச் சாய்த்து நின்றான். மற்றபடி அதே முகம்.

"பெரிய குடிகாரனுங்க நான். ஒரு தடவை ஹூப்ளிகிட்ட ஆக்சிடென்ட். வண்டி அப்பளமாப் போச்சு. கூட இருந்த கிளீனர் போயிட்டான். என்னை மட்டும் கர்த்தர் காப்பாத்தினாருங்க. ஏன் காப்பாத்தினாரு? இன்னைக்கு உங்க முன்னால நிறுத்தறதுக்குத்தான்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். சத்யபிரியா ஒவ்வொரு வார்த்தையாக எண்ணிக்கொண்டிருந்தாள். இவனை நிறுத்துவதற்காக இவனைக் காப்பாற்றினாராம். அப்படியானால் எங்கள் அண்ணனை எதற்காக விட்டார்? அவன் சொன்னதில் குடி இருந்தது, கால் முறிந்தது இருந்தது, பெண்டாட்டி அழுதது இருந்தது. பொய் சொன்னது இல்லை. செத்தவனுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் கிளீனர். அங்கேயே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பாள். பிடித்தால் இல்லையென்று சாதிப்பான், சுற்றி இருக்கிற பிள்ளைகள் சமாதானம் பண்ணி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனில் பட்டது அவளுக்குப் போதும். கைப்பிரதி நீட்டிய பெண்ணிடம், "உங்க மீட்டிங் எங்கங்க நடக்குது?" என்று கேட்டாள்.

இப்படித்தான் அவள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தாள். நல்ல எண்ணத்தோடு போனாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சனிக்கிழமை தோறும் ஒரு டயர் கடைக்கு மேலிருந்த ஹாலில் இளைஞர் கூட்டம் நடக்கும். நடத்துகிறவன் தமிழரசு. இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன், நல்ல பையன், எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம். முதல் நாள் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தபோது, சத்யபிரியா கண்ணைத் திறந்து எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த காளிதாஸைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தாள். "நீங்க நெசமாலுமே இருந்தீங்கன்னா இவனை என்ற கையில குடுங்க." அவள் வாழ்க்கையில் பண்ணின முதல் ஜெபம் அது.

அவள் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. மன்னி, மறந்துவிடு என்று ஓதிக்கொண்டே இருப்பார்கள், நாம் காதில் வாங்காமல் இருந்துகொள்ளலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். தமிழரசு படிக்கக் கொடுத்த வேதத்தைப் புரட்டினால், அதில் எதிரியை நினைத்து இராப்பகலாகக் குமுறுகிற ஆட்கள் இருந்தார்கள். எவ்வளவு நாளைக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாய் என்று ஆண்டவரையே நிறுத்திக் கேட்டார்கள். அம்மா கருப்பணாரைக் கேட்ட அதே கேள்வி. அவர்களை யாரும் வாயை மூடு என்று சொல்லவில்லை. அவர்கள் கேட்டதை அப்படியே எழுதியும் வைத்திருந்தார்கள். இது நம்ம ஆளுங்க ஊடுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்புறம் தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆண்டவரிடம் காளிதாஸைப் பற்றிக் கோள் சொல்வது பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள், காளிதாஸை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவன் முறுக்கைப் பாலில் முக்கித் தின்பதை, தேர்வன்று தன்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக் கூட்டிக்கொண்டு போனதை. நாலு வருஷமாக வீட்டில் பேசமுடியாததை எல்லாம் பேசினாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "ஏம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கிற அளவுக்கு அழுதிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்ததில்லை. ஆண்டவர் நிஜம். காளிதாஸ் பொய். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் நன்றாகவே நடமாடினாள்.

கூட்டத்துக்குப் போவது தெரிந்து வீட்டில் சண்டை வந்தது. "செத்தவன் பேரு கெட்டது பத்தாதா, உன்ற பேரும் கெடோணுமா?" என்று கந்தம்மாள் சோற்றுச் சட்டியைத் தரையில் வைத்த வேகத்தில் சோறு சிதறியது. வெள்ளியங்கிரி எழுந்து மாட்டுக்குத் தட்டு அள்ளிப் போடப் போய்விட்டார். பெற்றது எதுவும் தன் சொல் கேட்கப்போவதில்லை என்று விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

ஜேடர்பாளையத்தில் காவிரியில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால், யார் மேலாவது கசப்பு இருக்கிறதா சிஸ்டர் என்று தமிழரசு கேட்டான். இருக்குதுங்க, ஆண்டவருக்கும் தெரியும் என்றாள். அவன் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். அங்கே எல்லாமே இப்படித்தான் கொஞ்சம் அவசரம். சாட்சி சொல்கிறவர்களுக்கும் அவன் ஒரு முறை வைத்திருந்தான். பாவத்தைப் பொதுவாகச் சொன்னால் போதும், கூட இருந்தவர்கள் பேர், ஊர் எல்லாம் வேண்டாம், சுருக்கமாகச் சொல்லி, சந்தோஷமாக முடியுங்கள். நல்லதற்குத்தான் சொன்னான். காளிதாஸுக்கு அது ஒளிந்துகொள்ள வாகான இடமாகப் போயிற்று.

ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து உண்டு. அப்பத்தைப் பிட்டுக்கொள்வார்கள். திராட்சரசம் ஒரே பாத்திரத்தில் வரும், வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவருக்கு நீட்ட வேண்டும். அதற்கு முன்னால் பாஸ்டர், யார் மேலாவது குறை இருந்தால் எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்பார். மாமியாரும் மருமகளும் எழுந்துபோய்க் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சத்யபிரியா எழுந்திருக்க மாட்டாள். காளிதாஸ் வாய் வைத்த பாத்திரம் அவள் கைக்கு வரும். கருப்பணார் கோயில் கல் ஞாபகம் வரும். அவளுக்கு இப்போது கருப்பணார் மேல் பயமில்லை. ஆனாலும் இவனோடு ஒரே பாத்திரத்தில் குடிப்பதா? வாய் வைக்காமல் அடுத்தவருக்கு நீட்டிவிடுவாள். மாதாமாதம் நீட்டினாள்.

மற்றவர்கள் கவனித்தும் கேட்கவில்லை. காளிதாஸ் கேட்டான். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு அடுத்தவர் ஆத்துமாவின் மேல் ரொம்ப அக்கறை இருக்கும். ஒரு ஞாயிறு கூட்டம் கலைந்தபோது வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க சிஸ்டர், நீங்க பாத்திரத்துல வாய் வெக்கறதே இல்லீங்களே. மனசுல யாரு மேலயாவது கசப்புங்களா?"

"ஆமாங்க."

"யாரு மேலீங்க?"

"எங்கண்ணனுக்குத் துரோகம் பண்ணின ஒருத்தரு மேலீங்க."

"உட்டுருங்க சிஸ்டர். என்னையவே ஆண்டவர் மன்னிச்சாரே. நானெல்லாம் எப்பேர்ப்பட்ட பாவி."

"நீங்க என்னங்க பண்ணினீங்க?"

"குடிதானுங்க, வேறென்ன" என்று சிரித்தான். "வேணும்னா உங்க ஊட்டுக்கே வந்து ஜெபம் பண்றேனுங்க. ஊட்டுல கசப்பு இருந்தா தீரட்டும்."

சத்யபிரியா அன்றைக்கு மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். அவள் கூப்பிடவில்லை, வலை விரிக்கவில்லை. தானாகவே வந்து வாசலில் நிற்கிறான்.

"தனியா வேண்டாங்க. வேனோட எல்லாரும் வாங்க. எங்க வளவுலயே சாட்சி சொல்லுங்க. தமிழரசு பிரதர்கிட்ட நானே பேசறேன்."

"எந்த ஊருங்க?"

"மல்லசமுத்திரம் பக்கங்க."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "அந்தப் பக்கம்..." என்று ஏதோ சொல்ல வந்து, "சரீங்க, வாரேன்" என்றான். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மல்லசமுத்திரம் பக்கம் எத்தனையோ ஊர் இருக்கிறது என்று அவன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வேன் வந்த அன்று சாயங்காலம் பால் சொசைட்டி முன்னால் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். பாட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்துச் சனம் எந்தச் சாமிப் பாட்டு என்று பார்த்துக்கொண்டு நிற்காது. பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு நின்றார்கள். கந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வந்திருந்தாள். வெள்ளியங்கிரியைக் கூப்பிடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. "ஒரு அரைமணி நேரம் எனக்கோசரம் வந்து நில்லுங்கப்பா. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று மகள் கையைப் பிடித்தபிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்தும் கூட்டத்தில் சேராமல் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார்.

காளிதாஸ் மைக்கை வாங்கினான். இந்தத் தடவை தன் பேரையும் ஊரையும் சொல்லாமல் குடியைச் சொன்னான், பெண்டாட்டி அழுததைச் சொன்னான். வளவில் யாரும் தன்னை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியாததால் குரலில் தைரியம் வந்தது. "ஹூப்ளிகிட்ட ஆக்சிடென்ட்ங்க. கிளீனர் போயிட்டான். என்னை மட்டும்..."

"பிரதர்" என்றாள் சத்யபிரியா. முன்வரிசையில் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. "அந்தக் கிளீனர் பேரு என்னங்க?"

அவன் அவளைப் பார்த்தான். எத்தனையோ இடத்தில் சாட்சி சொல்லியிருக்கிறான். ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

"பேரு சொல்லுங்க. கூட வேலை செஞ்ச பையன் பேரு மறந்து போகுங்களா?"

"ஈ... ஈஸ்வருங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கந்தம்மாள் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"நான் அவன் தங்கச்சிங்க. இது எங்கம்மா. அந்த வேப்பமரத்துக்கிட்ட நிக்கறாரே, அது எங்கப்பா. அண்ணன் ரெண்டு பேரைக் கொன்னுட்டுச் செத்தான்னு நாலு வருசமா நம்பிட்டு நிக்கறாரு. இப்பச் சொல்லுங்க. வண்டிய யாரு ஓட்டினது?"

தமிழரசுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கேயாவது தகராறு ஆனால் உடனே பாட்டை ஆரம்பித்துவிடுவது அவர்கள் வழக்கம். அவன் கை காட்ட, கிடார் வைத்திருந்த பெண் தந்தியைத் தட்டிவிட்டாள். நான்கைந்து பேர் பாடவும் ஆரம்பித்தார்கள்.  இவ்வளவு தூரம் வந்து பாட்டில் மூழ்கடித்துவிடுவார்களா என்று சத்யபிரியா நினைத்தாள். ஆண்டவரே, இப்ப உட்டீங்கன்னா அப்புறம் உங்ககிட்டயும் பேச மாட்டேன் என்று மிரட்டினாள். அவரை மிரட்டுகிற உரிமை தனக்கு உண்டென்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

"பாட்டு வேண்டாம் தம்பி" என்றான் காளிதாஸ் மைக்கில். பாட்டு நின்றது.  "ஒவ்வொரு தடவையும் அந்த எடம் வந்தா தாண்டிப் போயிருவேனுங்க. குடியைச் சொல்லி அழுதா எல்லாரும் கை தட்டினாங்க. இதைச் சொன்னா தட்டமாட்டாங்கன்னு தெரியும். நாந்தானுங்க ஓட்டினேன். தண்ணி போட்டுட்டு ஓட்டினேன். அந்தப் பையன் ஸ்டீயரிங்கைத் தொடலீங்க. செத்தவனுக்கு ஜெயில் இல்ல, எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதுன்னு அவன் மேல போட்டுட்டேன்."

பால் கேனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கந்தம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். "கருப்பணாரு உன்னைய இழுத்துட்டு வந்து நிறுத்தீட்டாருடா" என்றாள். தமிழரசு ஆண்டவர் நடத்தினார் என்று முணுமுணுத்தான். யார் இழுத்துக்கொண்டு வந்தது என்பதை அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். சத்யபிரியாவுக்கு அன்றைக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இவ்வளவு சந்தோஷம் பாவமாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள்.

காளிதாஸ் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் மண்டி போட்டான். "என்னைய மன்னிச்சிருங்க சிஸ்டர்." தமிழரசு அவள் பக்கம் திரும்பினான். வேனில் வந்த பிள்ளைகள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். எல்லாச் சாட்சியும் சந்தோஷமாக முடிந்தே பழக்கப்பட்டவர்கள்.

"ஆண்டவர் உங்களை மன்னிச்சிருப்பாருங்க. அது அவரு பாடு" என்றாள் சத்யபிரியா. "எங்கூட்டுக் கணக்கு வேற. மொதல்ல ஹூப்ளிக்குப் போயி போலீஸ்ல சொல்லுங்க. அந்த ஸ்கூட்டர்க்காரங்களுக்கும் புள்ளைங்க இருக்கும். அவங்களும் தப்பான ஆளைத்தான் திட்டிட்டு இருப்பாங்க."

வேட்டி மடித்துக் கட்டினவர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். அடி விழுந்திருக்கும். சத்யபிரியா தடுத்திருக்கமாட்டாள். அதற்குள் வெள்ளியங்கிரி மரத்தடியிலிருந்து நடந்து வந்தார். அவர் கையைத் தூக்கியதும் எல்லாரும் விலகினார்கள். மண்டி போட்டிருந்தவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"தூங்கிட்டு இருந்தானா?" என்று கேட்டார்.

காளிதாஸுக்குப் புரியவில்லை.

"வண்டி மோதறப்ப என்ற பையன் தூங்கிட்டு இருந்தானான்னு கேக்கறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பையன் ஒன்றும் தெரியாமல் போய்விட்டான் என்கிற அந்த ஆறுதலைத்தான் அந்த மனுஷன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். காளிதாஸ் சத்யபிரியாவை நிமிர்ந்து பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. உண்மை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள், அப்பாவுக்காக இந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லிவிட மாட்டானா என்று அந்த நிமிஷத்தில் நினைத்தாள். நினைத்தாளே தவிர, தலையை அசைக்க அவளால் முடியவில்லை.

"இல்லீங்க" என்றான் காளிதாஸ். "முழிச்சுட்டுத்தான் இருந்தான். வண்டி அலையுது, நிறுத்துங்கண்ணா, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்னு சொன்னான். நாந்தான் வாய மூடுடான்னேன். மறுபடியும் சொன்னான். ஸ்கூட்டர் வருது, ஸ்கூட்டர் வருதுன்னு கத்தினான். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலீங்க."

 வெள்ளியங்கிரி எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு வைத்ததும் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

வேன் கிளம்புகிற நேரத்தில் காளிதாஸ் ஜன்னல் வழியாக, "திங்கக்கெழமை வக்கீலைக் கூட்டிட்டு ஹூப்ளி போறேனுங்க. எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டான்.

"பண்றேங்க" என்றாள் சத்யபிரியா. "என்னன்னு பண்ணுவேன்னு கேக்காதீங்க."

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தபோது, வாசலில் டீக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் டிராக்டர் வைத்திருந்த பக்கத்துக் காட்டுக்காரர். அப்புறம் அவர் பெண்டாட்டி, தலையில் முக்காடு போட்டபடி. நாலு வருஷத்துக்கு முன்னால் வராதவர்கள், வந்தும் வாயைப் பொத்திக்கொண்டு பேசினவர்கள், ஒவ்வொருத்தராகத் துக்கம் கேட்க வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு, "நிறுத்தச் சொல்லியிருக்கானுங்க, என்ற சாமி நிறுத்தச் சொல்லியிருக்கான்" என்று வாய்விட்டு அழுதார். பெண்கள் கந்தம்மாளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சத்யபிரியா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கைப்பையை உள்ளே வைத்துவிட்டு, வந்தவர்கள் உட்காரப் பாய் எடுத்துப் போட்டாள்.